மெக்கானிக்கல் கடிகாரத்தில் மசகுக்கான மேற்பூச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரமோ, கை அசைவில் தானே முறுக்கேறும் ஆட்டோமேட்டிக்கோ வைத்திருப்பவர்கள், அதை முழுச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘எபிலாம்’, ‘டிஎல்சி’ போன்ற சொற்களைக் கேட்டுவிட்டு, அவை எதற்கு என்று புரியாமல் திரும்புவதுண்டு. அவர்களுக்காகவும், கடிகாரப் பழுதுபார்ப்பைப் புதிதாகக் கற்பவர்களுக்காகவும் இப்பக்கம் எழுதப்படுகிறது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் இதில் இடம்பெறவில்லை.

கடிகாரத்துக்குள் எண்ணெய் எங்கெல்லாம் இருக்கிறது?

பலர் நினைப்பது போல எல்லா இடத்திலும் இல்லை. பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பொதுவாக எண்ணெய் இடுவதே கிடையாது. இட்டால் தூசு ஒட்டிக்கொண்டு ஓட்டம் கெடும். எண்ணெய் வேண்டிய முதன்மையான இடங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, கடிகாரத்தை ஓட்டும் முறுக்குச்சுருளான மெயின் ஸ்பிரிங் அடங்கியிருக்கும் பீப்பாய்; இங்கே அழுத்தம் அதிகம், வேகம் மிகக் குறைவு, ஆகவே கிரீஸ். இரண்டாவது, சக்கரங்களின் அச்சுமுனைகள் மாணிக்கக் கல்லின் துளைக்குள் சுழலும் இடங்கள். மூன்றாவது, ஸ்பிரிங்கின் ஆற்றலைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் எஸ்கேப் சக்கரத்தின் பற்களும், அச்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் கவையில் பதித்த கற்களும் உரசும் இடம்; இந்த அமைப்புக்கு எஸ்கேப்மெண்ட் என்று பெயர். நான்காவது, முன்னும் பின்னும் அசைந்து நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனைகள். தலைமுடியைவிடச் சற்றே தடிமனான, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்முனைகள்தாம் கடிகாரத்திலேயே மிக மென்மையான தாங்கிகள்.

ஒவ்வோர் இடத்திலும் இடும் அளவை ஊசிமுனையில் ஒட்டும் அளவு என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு சிறிய துளி ஐந்து ஆண்டுகள் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் இந்தத் தொழிலின் சிரமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எண்ணெய்தான் இருக்கிறதே, பூச்சு எதற்கு?

மணிக்கு 28,800 முறை தட்டும் ஒரு கடிகாரம் நாளொன்றுக்கு 6,91,200 முறையும், ஓராண்டில் 25 கோடிக்கும் அதிகமான முறையும் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலிலும் எஸ்கேப் சக்கரத்தின் ஒரு பல், பேலட் கல்லின் முகத்தின்மேல் வழுக்கிச் செல்கிறது. அந்த வழுக்கலில் உராய்வு கொஞ்சம் கூடினாலும் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கிடைக்கும் உந்துதல் குறையும். உந்துதல் குறைந்தால் அதன் வீச்சுக்கோணம், அதாவது அது ஒரு பக்கம் திரும்பும் கோணம், குறையும். வீச்சுக்கோணம் மாறினால் நேரம் தவறும்.

உராய்வு ‘இருப்பது’ பெரிய சிக்கல் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே அளவில் இருக்கும் உராய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்துவிடலாம். இன்று ஓர் அளவும் மூன்று ஆண்டுகள் கழித்து வேறோர் அளவுமாக அது மாறுவதே தொல்லை. எண்ணெய் புதிதாக இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஆனால் அது பரவும், ஆவியாகும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும், தேய்ந்த உலோகத் துகளை உள்வாங்கும். மேற்பூச்சுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடும் முயற்சிகள்தாம். ஒரு பூச்சை மதிப்பிடும்போது அது உராய்வை எவ்வளவு குறைக்கிறது என்று கேட்பதைவிட, உராய்வை எத்தனை ஆண்டுகள் ஒரே அளவில் வைத்திருக்கிறது என்று கேட்பதே முறை.

எண்ணெய் ஏன் பரவுகிறது?

சுத்தமான உலோகத்தின்மீதும் மாணிக்கக் கல்லின்மீதும் எண்ணெயை வைத்தால், அது துளியாக நிற்காமல் மெல்லிய படலமாக விரிந்துகொண்டே போகும். ஒரு திரவம் ஒரு பரப்பில் விரியுமா, துளியாக நிற்குமா என்பது அந்தத் திரவத்தின் பரப்பு இழுவிசையையும் அந்தப் பரப்பின் ஆற்றலையும் பொறுத்தது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கடிகார எண்ணெய்களுக்கு அது 30-ஐ ஒட்டி இருக்கும். உலோகம், மாணிக்கம் ஆகியவற்றின் பரப்பாற்றல் இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் எண்ணெய் அவற்றை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. பாகங்களை எவ்வளவு நன்றாகக் கழுவுகிறோமோ அவ்வளவு எளிதாக எண்ணெய் பரவும் என்பது கற்றுக்கொள்பவர்களை முதலில் குழப்பும் செய்தி.

பரவலைத் தடுக்கும் பழைய வழி, பாகத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. கல்லின் துளையைச் சுற்றிக் கிண்ணம் போன்ற குழிவைக் கடைந்தால், நுண்துளைக் கவர்ச்சியால் எண்ணெய் குறுகலான இடத்துக்கே திரும்பும். 18-ஆம் நூற்றாண்டு முதல் இந்தக் குழிவு வழக்கில் இருக்கிறது. இன்றைய கடிகாரத்தின் கற்களிலும் அதைக் காணலாம். ஆனால் பேலட் கல்லின் தட்டையான முகத்திலோ எஸ்கேப் சக்கரத்தின் பல் நுனியிலோ அப்படி ஒரு குழிவைக் கடைய முடியாது. அங்கேதான் எபிலாம் தேவைப்படுகிறது.

எபிலாம் என்பது என்ன?

எண்ணெய் நனைக்காதபடி ஒரு பரப்பின் ஆற்றலைக் குறைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே எபிலாம். அது மசகுப்பொருள் அன்று. எபிலாம் பூசியதால் மட்டும் ஒரு பாகம் வழுக்காது. மேலே வைக்கும் எண்ணெய் வைத்த இடத்தில் நிற்கும், அவ்வளவே. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி.

தாமரை இலையில் தண்ணீர் உருள்வதோடு இதை ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை பாதிதான் பொருந்தும்: தாமரை இலை தண்ணீரை உருட்டிவிடுவதற்கு அதன் மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளங்களும் காரணம், அதே இலையில் எண்ணெயைத் தடவினால் ஒட்டிக்கொள்ளும். எபிலாமோ மேடுபள்ளம் ஏதுமில்லாமல் வேதியியலால் மட்டுமே வேலை செய்கிறது, எண்ணெயையும் தடுக்கிறது.

1920-களில் பிரெஞ்சு ஆய்வாளர் பால் வூக், மசகெண்ணெய்கள் உலோகத்தில் பரவாமல் தடுக்கும் ஒற்றை மூலக்கூறுப் படலங்களை ஆராய்ந்தார். எபிலாம் என்ற பெயர் அந்த ஆய்விலிருந்து வந்தது. தொடக்ககாலத்தில் இதற்குப் பயன்பட்டது ஸ்டியரிக் அமிலம். மெழுகுவத்தி செய்யப் பயன்படும் அதே பொருள். அதன் மூலக்கூறு நீண்ட வால் கொண்டது. தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால்கள் நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். படலத்தின் கனம் ஏறத்தாழ 2.5 நானோமீட்டர். இந்த வால்களின் நுனியிலுள்ள மெத்தில் தொகுதிகளால் ஆன பரப்பின் நனைப்பு எல்லை (இதைவிட அதிக இழுவிசையுள்ள திரவம் அந்தப் பரப்பில் விரியாது) 22 அளவில் இருப்பதால், 30 அளவு இழுவிசையுள்ள எண்ணெய் அதன்மேல் துளியாகவே நிற்கிறது.

பின்னர் ஃப்ளூரின் சேர்ந்த சேர்மங்கள் வந்தன. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஜிஸ்மன் அளந்து காட்டியபடி, டெஃப்லான் பரப்பின் எல்லை 18; ஃப்ளூரின் நிறைந்த நுனிகள் நெருங்கி அடுக்கப்பட்ட பரப்பில் அது 6 வரை இறங்கும். இன்று தொழிலில் பரவலாகப் பயன்படும் எபிலாம்கள் ஃப்ளூரின் சேர்ந்த பாலிமரைக் கரைப்பானில் கரைத்தவை. கடிகார எண்ணெய்கள் தயாரிக்கும் மோபியஸ் நிறுவனத்தின் ஃபிக்சோடிராப் அவற்றில் பலருக்கும் தெரிந்த பெயர்.

எபிலாமை எப்படிப் பூசுகிறார்கள்?

பாகத்தை முதலில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, கைபடாமல் எபிலாம் கரைசலில் சிறிது நேரம் முக்கி எடுத்து, வெதுவெதுப்பான காற்றில் உலர விடுவதே முறை. கரைப்பான் பறந்துவிடும், பாலிமர் மட்டும் தங்கும். கழுவியதில் குறை இருந்தால், அழுக்கின்மேல் எபிலாம் படிந்து, அழுக்கோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். மோசமாகப் படிந்த எபிலாமுக்குப் பெரும்பாலும் கழுவலே காரணம், கரைசல் காரணமன்று.

எல்லாப் பாகங்களையும் முக்குவதில்லை. பேலட் கற்கள், எஸ்கேப் சக்கரம், பேலன்ஸ் அச்சின் மேலும் கீழும் உள்ள தொப்பிக் கற்கள் ஆகியவையே முதன்மையானவை. எந்தப் பாகத்துக்கு எபிலாம், எதற்கு எந்த எண்ணெய் என்று எந்திரம் தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பக் குறிப்பேடுகளில் குறித்திருக்கும். அதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

பேலட் கல்லில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் நிற்க வேண்டிய இடமும் அந்தக் கல்தான். எபிலாம் மூடியிருப்பதும் அதே கல்லைத்தான். கல் முழுவதும் எண்ணெயை வெறுத்தால், வைத்த துளி பல் வந்து தட்டியவுடன் சிதறி ஓடிவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் எபிலாம் பூசிய பிறகு, எண்ணெய் இடாமல் கடிகாரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிடுவார்கள். பல்லும் கல்லும் உரசும் இடத்தில் மட்டும் எபிலாம் தேய்ந்து போகும். சுற்றிலும் அப்படியே இருக்கும். பிறகு இடும் எண்ணெய், அந்தத் தேய்ந்த தடத்தில் பள்ளத்துத் தண்ணீர்போல் நின்றுகொள்ளும். கடிகாரம் தனக்கு எண்ணெய் எங்கே வேண்டும் என்பதைத் தானே வரைந்து காட்டும் இந்த வழி, இத்தொழிலில் நான் அறிந்தவற்றுள் மிக அழகான உத்தி.

இந்த இடத்துக்கு மோபியஸ் 9415 போன்ற, அசையாதபோது கெட்டியாகவும் பல் தட்டும் கணத்தில் நீர்த்தும் இருக்கும் மசகு பொருத்தமானது. எபிலாமும் அத்தகைய மசகும் ஒன்றுக்கொன்று துணை; ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

வீட்டிலோ சிறு கடையிலோ செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

பழைய கடிகாரங்களில் பேலட் கற்களும், பேலன்ஸ் சக்கரத்தின் அடியிலுள்ள உந்துகல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஃப்ளூரின் கரைப்பானில் செய்த எபிலாம் அரக்கைத் தொடாது. ஆனால் ஸ்பிரிட்டில் தானே கலந்து செய்த கரைசல்களில் பேலட் கவையை ஊறவைத்துக் கற்களைத் தொலைத்தவர்கள் உண்டு. புட்டியைத் திறந்து வைத்தால் கரைப்பான் பறந்து, கரைசல் செறிந்து, பாகத்தில் வெண்திட்டாகப் படியும். அச்சுமுனை புகும் சிறு துளைகளில் எபிலாம் அளவுக்கு மீறினால், எண்ணெய் துளைக்குள் இறங்காமல் மேலேயே துளியாக நின்றுவிடும். பார்வைக்கு எண்ணெய் இருக்கும். அச்சோ வறண்டு ஓடும். எண்ணெய் இல்லாத பிழையைவிட இது கொடியது, ஏனெனில் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது.

எபிலாம் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உரசாத ஓரிடத்தில் சிறு துளி எண்ணெய் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். உருண்டு நின்றால் இருக்கிறது. விளிம்பு மங்கிப் பரவினால் இல்லை. ஒவ்வொரு சர்வீஸ் கழுவலும் அதைக் கொஞ்சமோ முழுவதுமோ எடுத்துவிடும் என்பதால், கழுவிய பிறகு மறுபடி பூச வேண்டும்.

டிஎல்சி என்பது வெறும் கறுப்பு நிறப் பூச்சுதானே?

கடிகாரக் கூட்டின் வெளியே பூசும்போது பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கப்படுகிறது. உள்ளே அதன் வேலை வேறு. வைரம் போன்ற கார்பன் என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் சுருக்கமே டிஎல்சி. கார்பன் அணுக்கள் வைரத்தில் பிணைவதுபோல ஒரு பங்கும், கிராஃபைட்டில் பிணைவதுபோல ஒரு பங்கும், ஒழுங்கான படிக அமைப்பு இல்லாமல் கலந்திருக்கும் படலம் அது. வைரப் பங்கு கடினத்தைத் தருகிறது; கிராஃபைட் பங்கு வழுக்கலைத் தருகிறது. வெற்றிடக் கலத்தில், பிளாஸ்மாவின் துணையோடு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மைக்ரான் கனத்துக்கு இதைப் படியவைக்கிறார்கள்.

உலர்ந்த நிலையில் டிஎல்சியின் உராய்வுக் கெழு பெரும்பாலும் 0.05-க்கும் 0.2-க்கும் இடையில் அமைகிறது. நன்றாக எண்ணெயிட்ட எஃகும் மாணிக்கமும் மெதுவாக உரசும்போது கிடைக்கும் அளவும் இதை ஒட்டியதே. அதாவது டிஎல்சி எண்ணெயைவிட மிகுதியாக வழுக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அது வற்றாது, பிசினாகாது, குளிரில் கெட்டியாகாது. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

டிஎல்சியிலும் வகைகள் உண்டு. ஹைட்ரஜன் கலந்த வகை வறண்ட சூழலில் மிகக் குறைந்த உராய்வைத் தரும். ஈரம் கூடினால் அதன் உராய்வு கூடும். ஹைட்ரஜன் இல்லாத வகைக்கு நேர்மாறாக, காற்றின் ஈரமே துணை. மூடிய கடிகாரக் கூட்டுக்குள் ஈரம் எவ்வளவு என்பது கூட்டை மூடிய நாளின் வானிலையைப் பொறுத்தும் அமையும் என்பதால், எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி சோதனைச்சாலையில் தோன்றுவதைவிட நடைமுறையில் சிக்கலானது.

டிஎல்சியை எல்லா அச்சுமுனைகளிலும் பூசிவிட்டால் என்ன?

முதல் தடை, அளவு. அச்சுமுனைக்கும் துளைக்கும் இடையே விடப்படும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஒரு மைக்ரான் பூச்சு விட்டத்தை இரண்டு மைக்ரான் கூட்டிவிடும். ஆகவே பூசப்போகும் அச்சை முதலிலேயே அவ்வளவு மெலிதாகக் கடைய வேண்டும். முடிந்த கடிகாரத்தில் பிறகு சேர்க்கும் பூச்சாக இது அமையாது.

இரண்டாவது, வெப்பம். அச்சுகள் கடினமாக்கி, பின் ஓரளவு பதம் இறக்கப்பட்ட கார்பன் எஃகால் ஆனவை. பதம் இறக்கிய வெப்பநிலையைத் தாண்டினால் எஃகு மென்மையாகிவிடும். மென்மையான எஃகின்மேல் கடினமான படலம், பஞ்சு மெத்தைமேல் கண்ணாடித் தகடு வைத்ததுபோல. ஓர் அடி விழுந்தால் நொறுங்கும். குறைந்த வெப்பத்தில் படியவைக்கும் முறைகள் இருந்தாலும், ஒட்டுதிறனுக்காக இடையில் குரோமியம், சிலிக்கான் போன்றவற்றின் மெல்லிய அடுக்கு தேவைப்படுகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. எண்ணெய் கெட்டால் கழுவிவிட்டுப் புதிதாக இடலாம். டிஎல்சி பெயர்ந்தால், பெயர்ந்த துகள் கடிகாரத்திலுள்ள எஃகையும் பித்தளையையும்விட மிகக் கடினமானது. அரத்தூளைப்போல எதிர்ப்பக்கத்தை அராவும். அதைப் பழுதுபார்க்கவும் முடியாது, பாகத்தையே மாற்ற வேண்டும். பூச்சு தன் அடியிலுள்ள பரப்பின் கீறல்களை அப்படியே நகலெடுக்கும் என்பதால், மெருகு குறைந்த அச்சுக்கு டிஎல்சி பூசுவது கீறலைக் கடினமாக்குவதற்குச் சமம்.

மாலிப்டினம் டைசல்பைடு, டெஃப்லான் பூச்சுகள்?

மாலிப்டினம் டைசல்பைடு சீட்டுக்கட்டுபோல அடுக்கடுக்கானது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வெற்றிடத்திலும் வறண்ட வாயுவிலும் சிறந்தது என்பதால் விண்கலங்களில் அதற்குத் தனி மதிப்பு. ஈரக் காற்றிலோ அது ஆக்சிஜனேற்றம் அடைந்து தரம் இழக்கும். டங்ஸ்டன் டைசல்பைடு அதன் உறவினர். ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

டெஃப்லான் மென்மையானது. கூர்மையான தொடுகை உள்ள இடத்தில் நிற்காது. அகலமான தொடுகை உள்ள மெயின் ஸ்பிரிங்குக்குப் பொருந்தும். முன்பே டெஃப்லான் பூசி விற்கப்படும் மெயின் ஸ்பிரிங்குகளுக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம் என்று சொல்வதுண்டு; அதற்குத் தயாரிப்பாளரின் குறிப்பையே பின்பற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் கடிகாரங்களின் முறுக்கும் பகுதியிலுள்ள திசைமாற்றிச் சக்கரங்களுக்கு லூபீட்டா வி105 போன்ற கரைசல் பயன்படுகிறது. முக்கி உலர்த்தினால் கரைப்பான் பறந்து மெல்லிய மசகுப் படலம் தங்கும். சிறு கொக்கிகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு செயலிழப்பதை இது தடுக்கும். செயல்முறை எபிலாமைப்போலவே தோன்றினாலும் பயன் நேர்மாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உராய்வு வேண்டிய இடமும் உண்டா?

உண்டு. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் மெயின் ஸ்பிரிங்கின் வெளிநுனி பீப்பாய்ச் சுவரில் கொக்கியால் மாட்டப்படுவதில்லை. அழுத்தத்தால் பற்றிக்கொண்டு, முழுமுறுக்கு ஏறியதும் வழுக்கிக் கொடுக்க வேண்டும். சுவரில் அதற்கென்று உள்ள பற்றுக் கிரீஸைத் தடவுவார்கள். அந்தச் சுவருக்கு வழுக்கும் பூச்சைக் கொடுத்தால், கடிகாரம் முழுமுறுக்கே ஏறாமல் ஒரு நாளுக்குள் நின்றுவிடும். நிமிட முள்ளைத் தாங்கும் குழல் பல்சக்கரமும் அச்சின்மேல் இறுக்கமாக உராய்ந்து நிற்க வேண்டிய பாகமே. அது தளர்ந்தால் கடிகாரம் ஓடும், முள் நகராது.

தங்கம், நிக்கல் முலாம் மசகுக்காகவா?

நேரடியாக இல்லை. ஆனால் பித்தளையிலுள்ள செம்பு, எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைவதை விரைவுபடுத்தும். பழைய கடிகாரங்களைத் திறக்கும்போது அச்சைச் சுற்றிப் பச்சை நிறத்தில் காணப்படும் பிசின், செம்பும் எண்ணெயின் அமிலங்களும் சேர்ந்து உண்டானது. முலாம் செம்பை மூடிவிடுவதால் எண்ணெயின் ஆயுள் கூடுகிறது. அழகுக்காகச் செய்தது பயனாகவும் அமைந்த வகை இது.

சிலிக்கான் பாகங்களுக்கு எண்ணெயே வேண்டாமா?

2001-இல் யூலிஸ் நார்டின் நிறுவனம் தன் ஃப்ரீக் கடிகாரத்தில் சிலிக்கானால் ஆன எஸ்கேப் சக்கரங்களைக் கொண்டுவந்தது. 2005-இல் பட்டேக் பிலிப் சிலிக்கான் எஸ்கேப் சக்கரம் கொண்ட கடிகாரத்தை 100 எண்ணிக்கையில் வெளியிட்டது. கணினிச் சில்லுகளைப்போல ஒளிப்பட முறையில் வரைந்து, பிளாஸ்மாவால் ஆழமாக அரித்து எடுக்கும் இப்பாகங்கள் எடை குறைந்தவை, காந்தத்துக்கு மசியாதவை. பரப்பில் ஆக்சைடு படலம் வளர்ப்பதால் வலிமை கூடுகிறது. பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டும் மயிரிழைச் சுருளில் அதே ஆக்சைடு வெப்பநிலை மாற்றத்தையும் ஈடுசெய்கிறது.

உராய்வில் சிலிக்கான் தானாக அற்புதம் செய்வதில்லை. 2007-இல் யூலிஸ் நார்டின், சிலிக்கானின்மேல் வைரப் படலம் வளர்த்த டயமன்சில் பாகங்களை வெளியிட்டதே இதற்குச் சான்று. சிலிக்கான் மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் வைரத்துக்குத் தேவை இருந்திருக்காது. உங்கள் கடிகாரத்தின் சிலிக்கான் பாகத்துக்கு எண்ணெய் வேண்டுமா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பேடு மட்டுமே சொல்லும்.

எண்ணெயே இல்லாத கடிகாரம் உண்மையில் உண்டா?

முயற்சி பழையது. இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் 1720-களில் கட்டிய மரக் கடிகாரங்களில், இயல்பாகவே எண்ணெய்ப்பசை கொண்ட லிக்னம் வைட்டே மரத்தைத் தாங்கியாகப் பயன்படுத்தினார். வழுக்கலே இல்லாத எஸ்கேப்மெண்ட் ஒன்றையும் அமைத்தார். பிராக்கிள்ஸ்பி பூங்காவில் அவர் அமைத்த கடிகாரம் எண்ணெயின்றி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதே ஹாரிசன் 1759-இல் முடித்த எச்4 என்ற கடல் கடிகாரத்தில் வைரத்தாலான பேலட்டுகளை வைத்தார்; ஆனால் அதற்கு எண்ணெய் தேவைப்பட்டது. சிறிய கடிகாரத்துக்குள் எண்ணெயைத் தவிர்க்க அவராலும் முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1971-இல் டிஸ்ஸோ நிறுவனம் பிளாஸ்டிக் பாகங்களால் ஆன, தானே மசகாகும் ஆஸ்ட்ரோலோன் எந்திரத்தைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பத்தில் துணிச்சலானது என்றாலும், பிளாஸ்டிக் கடிகாரத்தை வாங்குவோர் மதிக்காததாலும், அடுத்து வந்த குவார்ட்ஸ் அலையாலும் நிலைக்கவில்லை. 2001-இல் ஃபிராங்ஃபர்ட்டின் சின் நிறுவனம் டயாபால் என்ற பெயரில், எஸ்கேப்மெண்டில் மட்டும் எண்ணெய் தேவைப்படாத பொருள் இணைகளை அறிமுகப்படுத்தியது. மற்ற இடங்களில் எண்ணெய் இருக்கும் என்பதை அது மறைக்கவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 2007-இல் ஜெகர்-லெகூல்த்ரும் 2017-இல் பனராயும் எண்ணெயே வேண்டாம் என்ற அறிவிப்போடு சோதனைக் கடிகாரங்களைக் காட்டின. பனராயின் கடிகாரம் 50 மட்டுமே. ஐம்பது ஆண்டு உத்தரவாதத்தோடு வந்தது. அந்த உத்தரவாதம் மெய்யானதா என்பது 2067-இல் தெரியும்.

ஜார்ஜ் டேனியல்ஸ் வடிவமைத்து 1999-இல் ஒமேகா சந்தைக்குக் கொண்டுவந்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மெண்டும் இந்த வரிசையில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் பூச்சு ஏதும் முதன்மை இல்லை. வழுக்கலைக் குறைக்கும்படி வடிவமே மாற்றப்பட்டது. அதன் பிறகும் தொழிற்சாலை அதற்குச் சிறிது எண்ணெய் இடவே செய்கிறது.

என்னிடம் பழைய எச்எம்டி இருக்கிறது. அதற்கு எபிலாம் பயன்படுமா?

ஜனதா, பைலட் போன்ற கடிகாரங்களில் உள்ள 17 கல் எந்திரம் மணிக்கு 18,000 முறை தட்டுவது. மெதுவாகத் தட்டும் எந்திரத்தில் எண்ணெய் சிதறுவது குறைவு. பேலட் கற்களுக்கும் எஸ்கேப் சக்கரத்துக்கும் எபிலாம் பூசினால் கெடுதல் இல்லை, ஓரளவு நன்மையும் உண்டு. ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. அச்சைச் சுற்றிச் செந்நிறப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வற்றி எஃகு மாணிக்கத்தில் தேய்ந்ததால் உண்டான இரும்பு ஆக்சைடு அது. மெருகேற்றப் பயன்படும் பொடியும் அதுவே என்பதால், தானே அச்சை மேலும் தேய்க்கும். அச்சு தேய்ந்திருந்தால் எந்தப் பூச்சும் அதை மீட்காது. பிரித்துக் கழுவாமல், மூடியைத் திறந்து மேலாக எண்ணெய்த் துளி விடும் ‘ஆயிலிங்’ வேலைக்கு ஒருபோதும் இசைய வேண்டாம்.

எபிலாமுக்குத் தடை வரப்போகிறதாமே?

எபிலாமின் வலிமைக்குக் காரணமான ஃப்ளூரின்–கார்பன் பிணைப்பு இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இவ்வகைச் சேர்மங்கள் நீரிலும் உடலிலும் சேர்வதால் உலகெங்கும் கட்டுப்பாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. எட்டுக் கார்பன் கொண்ட பிஎஃப்ஓஏ-வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் தடை நடைமுறையில் உள்ளது. 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள் முழுவதையும் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அளித்தன.

கடிகாரத் தொழில் பயன்படுத்தும் அளவு மிகச் சிறிது என்ற வாதம் உண்மையே. எனினும் கரைசல் திறந்த புட்டியில் வைத்து ஆவியாக விடப்படுகிறது, எஞ்சியது கழிநீரில் கொட்டப்படுகிறது என்றால், சிறிய அளவு என்பது சமாதானம் ஆகாது. மூடிய கலத்தில் முக்கி, எஞ்சியதைத் தனியே சேகரித்து, வேதிக்கழிவாக ஒப்படைப்பது இன்றே செய்யக்கூடியது.

பூச்சு இருந்தால் சர்வீஸ் இடைவெளியை நீட்டலாமா?

எபிலாம் சரியாகப் பூசி, நல்ல செயற்கை எண்ணெய் இட்ட கடிகாரம், இரண்டும் இல்லாததைவிடக் கூடுதல் காலம் ஒரே வீச்சுக்கோணத்தில் ஓடும். ஆனால் கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களும் பீப்பாய்க் கிரீஸும் பூச்சைப் பார்த்து முதுமையடைவதை நிறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை தட்டலின் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்து, முழுமுறுக்கில் உள்ள வீச்சுக்கோணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்த நாளில் 290 பாகையாக இருந்தது 240-க்கு இறங்கினால் எண்ணெய் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்தக் குறிப்புச் சீட்டைக் கடிகாரப் பெட்டியிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை பிரிப்பவருக்கும் அது பயன்படும்.